சீனிக்கிழங்கு ரோஸ்ட்: வெளியே கரி, உள்ளே கல்

11 ஜனவரி 2024, வாசகர் கேள்வி

பொங்கல் வருதுன்னு சந்தையில சக்கரவள்ளி குவிஞ்சு கிடந்துச்சு, 2 கிலோ வாங்கிட்டேன். இனிப்பும் காரமுமா ஓடிஜியில (கரண்ட்ல ஓடுற சின்ன அவன்) ரோஸ்ட் பண்ணலாம்னு துண்டு போட்டு, தேன், மிளகாய்த்தூள், பட்டைத்தூள், எண்ணெய் எல்லாம் பிசறி 220 டிகிரியில 25 நிமிஷம் வச்சேன். மேல கரி. கடிச்சா உள்ள நறுக் நறுக். ரெண்டு தடவை இதே கதை. பேசாம அவிச்சுக் குடுத்துடுன்னு வீட்ல சொல்றாங்க. ஓடிஜி சரியில்லையா, நான் சரியில்லையா?

11 ஜனவரி, இரவு

ஓடிஜி நல்லாத்தான் இருக்கு. தேன்தான் வில்லன். தேனை 220ல 25 நிமிஷம் வச்சா கரியாகாம என்ன ஆகும்? மிளகாய்த்தூளும் அப்படித்தான், கருகினா கசக்கும். ரெண்டையும் கடைசி 5 நிமிஷத்துல போடுங்க. உள்ள வேகாததுக்கு வழி சுலபம்: குக்கர்ல ஒரு விசில் விட்டு எடுத்து, துண்டு போட்டு, அப்புறம் ரோஸ்ட் பண்ணுங்க. முடிஞ்சது.

13 ஜனவரி

முடியல. கேள்வி கேட்டவங்க செஞ்சு பாத்து, "ஒரு விசில்ல அல்வா ஆயிடுச்சு அக்கா, ட்ரேல இருந்து கரண்டியால சுரண்டி எடுத்தேன்"னு எழுதியிருக்காங்க. ஒத்துக்கறேன், சீனிக்கிழங்கை நான் அப்படிச் செஞ்சதே இல்ல. உருளைக்கிழங்குக்குச் செய்வேன். ரெண்டும் கிழங்குதானேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். உருளை கத்தரிக்காய்க்குச் சொந்தம், இது பூந்தோட்டத்துல படருற காலைமலர்க் கொடிக்குச் சொந்தம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது.

பொங்கல் கழியட்டும், நானே செஞ்சு பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் என் பேச்சைக் கேட்காதீங்க.

13 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

பேரைப் பத்திக் கேட்டவருக்கு: எங்க ஊர்ல (தென்காசிப் பக்கம்) சீனிக்கிழங்கு. நான் குடியிருக்கிற கோயம்புத்தூர்ல சக்கரவள்ளி. யாழ்ப்பாணத்துல வத்தாளைன்னு சொல்வாங்க. இந்த இழை முழுக்க நான் சீனிக்கிழங்குன்னுதான் எழுதுவேன், 52 வயசுக்கு மேல நாக்கை மாத்த முடியாது.

16 ஜனவரி, மாட்டுப்பொங்கல்

நேத்து குழம்புக்கு வாங்கினதுல 5 கிழங்கு மிஞ்சிருக்கு. பொங்கலன்னிக்கு எங்க பக்கம் சேனை, சிறுகிழங்கு, பிடிகிழங்கு, சீனிக்கிழங்கு எல்லாம் அடுக்கி வச்சுத்தான் கும்பிடுவோம். வருஷாவருஷம் சேனையும் சிறுகிழங்கும் தீந்துடும், சீனிக்கிழங்கு மிஞ்சும். அவிச்சு அவிச்சு எல்லாருக்கும் அலுத்துப் போச்சு.

இனிப்பும் காரமும் நமக்குப் புதுசா என்ன? திருவாதிரைக்குக் களியோட ஒரு கூட்டு வைப்போமே, ஏழு காய் போட்டு, அதுல இந்தக் கிழங்கு இல்லாம வைப்போமா? புளி, உப்பு, காரம், நடுவுல இதோட தித்திப்பு. மாங்காய்ப் பச்சடி அதே சங்கதி. அதனால பட்டைத்தூள் எதுக்குன்னு எனக்குப் புரியல. கேள்வி கேட்டவங்களோட ரோஸ்ட்ல காரம் இருக்கு, இனிப்பு இருக்கு, புளிப்பு எங்கே?

17 ஜனவரி

முதல் சோதனை. துண்டு போட்டு, நல்லெண்ணெய், உப்பு மட்டும் பிசறி, நேரா 220ல 30 நிமிஷம். கருகல. வெந்திருந்துச்சு. ஆனா மாவு மாதிரி, தொண்டையில அடைக்குது. தித்திப்பு பேருக்குத்தான். வீட்ல அவங்க (எங்க வீட்டுக்காரர்) ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, "இது தொடுகறியா, பலகாரமா?"ன்னு கேட்டாங்க. எதுக்கும் லாயக்கில்லைங்கிறதை அவங்க பாணியில சொன்னது.

ஒரு சின்ன விஷயம். துண்டு போடும்போது பால் வடியும் பாத்திருப்பீங்க. அது கையில காஞ்சா கறுப்பா ஒட்டிக்கும், சோப்புக்கு அசையாது. நறுக்குறதுக்கு முன்னாடி கையில தேங்காய் எண்ணெய் தடவிக்கோங்க. நறுக்கினதைத் தண்ணியில போட்டு அலசி, துணியில ஈரம் போக ஒத்தி எடுங்க. ஈரத்தோட ட்ரேல ஏத்தினா ரோஸ்ட் ஆகாது, ஆவியில வெந்துடும். துண்டுகளை நெருக்கி அடுக்கினாலும் அதே கதி.

18 ஜனவரி

ராத்திரி தூக்கம் வராம படுத்திருந்தப்போ எங்க ஆச்சி வீட்டு முற்றம் ஞாபகம் வந்துச்சு.

நெல் அவிக்கிற அன்னிக்கு முற்றத்துல மூணு பெரிய கல்லை வச்சு அடுப்புக் கூட்டுவாங்க. அண்டா நிறைய நெல்லு. விடியக்காலம் ஆரம்பிச்சா பத்து மணிக்கு அண்டா இறங்கும். அதுக்கப்புறம்தான் எங்க நேரம். ஆச்சி அடுப்பு வாயில நாலு கை உமியைத் தள்ளி விடுவா. உமி எரியாது, தெரியும்ல? கனன்டுகிட்டே கிடக்கும். அதுக்குள்ள சீனிக்கிழங்கை முழுசாப் புதைச்சு, மேல சாம்பலை மூடிட்டு, "சாயந்தரம் வரைக்கும் எவனும் கிண்டப்பிடாது"ன்னு சொல்லிட்டுப் போயிடுவா. நாங்க குச்சியால கிண்டாம இருந்ததே இல்ல.

எடுத்தா தோலு காகிதம் மாதிரி கழண்டு வரும். கிழங்கோட நுனியில தேன் மாதிரி ஒண்ணு கசிஞ்சு, கறுத்து, மிட்டாயா இறுகி நிக்கும். அந்தக் கருக்குக்குத்தான் பேரப்பிள்ளைங்க எங்க நாலு பேருக்குள்ள சண்டையே. உள்ள சதை மஞ்சளா, பிசுபிசுன்னு இருக்கும். அதுல யாரும் சீனி போடல, வெல்லம் போடல. ஆச்சி ஒரு கல் உப்பைக் கையில குடுப்பா, தொட்டுத் தின்ன.

அதே கிழங்கு. என் ஓடிஜியில மாவா இருக்கு, ஆச்சி அடுப்புல தேனா இருந்துச்சு. பசிதான் வித்தியாசம்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

21 ஜனவரி, ஞாயிறு

பசி இல்ல. விஷயம் வேற.

இந்தக் கிழங்குக்குள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கிற நொதி ஒண்ணு இருக்கு. பீட்டா அமைலேஸ்னு பேரு. அது உண்டாக்குற சர்க்கரை மால்டோஸ். பச்சைக் கிழங்குல மால்டோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, வேகும்போதுதான் பிறக்குது. மாவு 60 டிகிரியைத் தாண்டினாத்தான் இளகும், இளகினாத்தான் நொதிக்கு வேலை. ஆனா 80ஐ நெருங்கினா நொதியே செத்துப்போயிடும். அந்த இடைவெளியில கிழங்கு எவ்வளவு நேரம் உக்காருதோ அவ்வளவு தித்திப்பு. உமிக்கங்குல மணிக்கணக்கா உக்காந்துச்சு. குக்கர்ல ஒரே தாவலா தாண்டிடுது. நம்ம 220 டிகிரியும் அப்படித்தான்.

கல்லூரியில வேதியியல் படிச்சவதான் நான். 30 வருஷமா சமையக்கட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லாத மாதிரியே இருந்திருக்கேன்.

இன்னிக்கு மூணு விதமா செஞ்சேன், ஒரே கூறுல வாங்கின கிழங்கு. ஒண்ணு துண்டு போட்டு நேரா 220. ஒண்ணு மைக்ரோவேவ்ல 6 நிமிஷம் வச்சுட்டு 220. மூணாவது, தோலோட முழுசா, ஓடிஜி ஆறியிருக்கும்போதே உள்ள வச்சு, 130ல ஒண்ணேகால் மணி நேரம். அப்புறம் ஆறவிட்டு, வட்டமா வெட்டி, எண்ணெய் உப்பு தடவி 220ல 15 நிமிஷம்.

எது எதுன்னு சொல்லாம அவங்ககிட்ட மூணு தட்டையும் நீட்டினேன். டிவியில இருந்து கண்ணை எடுக்காம மூணாவது தட்டைக் காட்டி, "இதுல மட்டும் எதுக்கு சீனி போட்ட?"ன்னாங்க. நான் சமையக்கட்டுக்குப் போய் தனியா சிரிச்சேன். மைக்ரோவேவ் தட்டு அப்படியே இருந்துச்சு, ராத்திரி நான்தான் தின்னு தீர்த்தேன்.

21 ஜனவரி, பின்குறிப்பு

கரண்ட் பில்? கேட்டாங்க, அவங்கதான். ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினா சீனிக்கிழங்கு பேருலதான் எழுதுவாங்களாம்.

22 ஜனவரி

ஓடிஜி இல்லாதவங்க ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. அடி கனமான இரும்புச் சட்டியில ரெண்டு விரக்கடை உசரத்துக்குக் கல் உப்பு பரப்பி, கிழங்கை முழுசா அதுமேல வச்சு, தட்டு போட்டு மூடி, அடுப்பைச் சிம்ல வச்சுடுங்க. ஒரு மணி நேரம், நடுவுல ஒரு தடவை புரட்டிவிடுங்க. அந்த உப்பை ஆறவச்சு டப்பாவுல போட்டு வச்சா அடுத்த தடவைக்கும் ஆகும். ஜப்பான்ல கூழாங்கல்லைச் சூடுபண்ணி அதுக்குள்ள கிழங்கைச் சுட்டுத் தெருவுல வண்டியில விப்பாங்க, இஷி யாகி இமோன்னு பேரு. கல்லோ, உப்போ, உமியோ, தத்துவம் ஒண்ணுதான்: சூடு மெதுவா ஏறணும்.

ஜப்பான்காரங்க இதையே இனிப்பும் உப்பும் கலந்தும் செய்றாங்க: துண்டுகளைப் பொரிச்சு, சர்க்கரைப் பாகுல சோயா சாஸ் விட்டுப் புரட்டி, மேல கறுப்பு எள் தூவி. எள்ளு யோசனையை அங்கிருந்துதான் எடுக்கப்போறேன்.

25 ஜனவரி, தைப்பூசம்

கேள்வி கேட்டவங்க திரும்ப எழுதியிருக்காங்க. 130ல ஒண்ணேகால் மணி நேரம் வச்சும் நடுவுல கட்டியா, வேகாத உருளை மாதிரி நிக்குதாம். நான் மறுபடியும் தப்பா சொல்லிட்டேனோன்னு பயந்துட்டேன். அப்புறம் கேட்டா, 2 கிலோவையும் வாங்கின அன்னிக்கே ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்காங்க.

ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். இது வெயில் ஊருக் கிழங்கு. 10 டிகிரிக்குக் கீழ கிடந்தா உள்ள செல்லு கெட்டுப்போய், நீங்க எவ்வளவு வேகவச்சாலும் நடுவுல அந்தக் கட்டி கரையாது. பல்லாரி (பெரிய வெங்காயம்) வைக்கிற கூடையிலயே காத்தாட வைங்க. ரெண்டு மூணு வாரம் தாங்கும், இன்னும் கொஞ்சம் தித்திப்பாவும் ஆகும். ஆச்சி பறிச்ச அன்னிக்கே சுட மாட்டா, திண்ணையில சாக்கைப் போட்டுப் பரத்தி வச்சிருப்பா. அப்பல்லாம் எங்களை ஏங்க வைக்கத்தான் அப்படிச் செய்றான்னு நினைச்சேன்.

28 ஜனவரி

இப்போ இனிப்பு-காரம் சமாச்சாரம். கிழங்கே இவ்வளவு தித்திச்சா மேல எதுக்கு இன்னும் இனிப்பு? நேத்து வரைக்கும் என் கட்சி இதுதான். உப்பு, புளி, மிளகாய் வத்தல், எள்ளு, இது போதும்னு செஞ்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தனித்தனியா நின்னுச்சு, கிழங்கு ஒரு பக்கம் புளி ஒரு பக்கம்னு. ஒட்டல.

ஒரு துண்டு கருப்பட்டி போட்டேன். ஒட்டிக்கிச்சு.

மால்டோஸ் தித்திப்பு மெல்லிசு, சீனியோட தித்திப்புல பாதிகூட வராது. கருப்பட்டி போடுறது தித்திப்பைக் கூட்டவான்னா, இல்ல. அதுல ஒரு புகை வாசனையும் லேசான கசப்பும் இருக்கு, அது புளியையும் மிளகாயையும் பிடிச்சு இழுத்துக் கிழங்கு மேல உக்கார வைக்குது. வெல்லம் போட்டும் பாத்தேன், பாயசம் வாடை. உடன்குடிக் கருப்பட்டி கிடைச்சா விடாதீங்க. சீனி கலந்ததுதான் இப்போ நிறைய வருது. உடைச்சா உள்ள பளபளன்னு மின்னுச்சுன்னா எனக்குச் சந்தேகம்தான்.

கருப்பட்டியைத் தண்ணியில கரைச்சு வடிகட்டாம ஊத்திடாதீங்க. என் முதல் தட்டு மணல் கடிச்சுது. "தொடுகறியா, பலகாரமா, கட்டட வேலையா?"ன்னு கேள்வி நீண்டுச்சு.

2 பிப்ரவரி

கசக்குதுன்னு எழுதினவருக்கு: கருப்பட்டி கசப்பு இல்ல அது. படத்துல பாத்தேன், கிழங்கு மேல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை இருக்கு. கூன்வண்டு துளைச்சது. வண்டு நுழைஞ்ச கிழங்கு தன்னைக் காப்பாத்திக்க ஒரு கசப்பை உண்டாக்கிக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிட்டு மீதியைப் போட்டாலும் வாசனை சட்டி முழுக்கப் பரவிடும், வேகவச்சாலும் போகாது. உடம்புக்கும் நல்லதில்ல. முழுசா தூக்கிப் போடுங்க. மாட்டுக்கும் வேண்டாம்.

வாங்கும்போது நுனியைப் பாருங்க, வண்டு பெரும்பாலும் காம்புப் பக்கமா நுழையும்.

4 பிப்ரவரி

இழை எங்கேயோ போயிட்டு இருக்கு. "சங்க காலத்துலயே சக்கரவள்ளி தின்னோம், புறநானூற்றுல இருக்கு"ன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். பாரியோட பறம்பு மலையில உழவர் உழாம விளையுற நாலு பொருள்ல வள்ளிக்கிழங்கும் ஒண்ணுன்னு கபிலர் பாடினது உண்மை, 109ஆவது பாட்டு. ஆனா அந்த வள்ளி வேற. அது மலையில தானா படருற காட்டுவள்ளி வகை. நம்ம தட்டுல இருக்கிற இது அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு. கொலம்பஸ் 1492ல கப்பல் ஏறினதுக்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் வர வழியே பிறந்துச்சு. பாரி சாப்பிட்டிருக்க வாய்ப்பே இல்ல, பாவம். மரவள்ளியும் அதே கண்டத்துல இருந்து வந்ததுதான். வந்ததுக்கெல்லாம் நம்ம வள்ளி பேரை வச்சுட்டோம்.

மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான், யோசிச்சா. இந்தத் தட்டுல நம்ம பூர்வீகச் சொத்துன்னா மிளகு, எள்ளு, கருப்பட்டி. புளிகூட ஆப்பிரிக்காவுல இருந்து ரொம்பக் காலம் முன்னாடி வந்து குடியேறினதுதான்.

4 பிப்ரவரி, இன்னொண்ணு

அதனால கடைசிப் பொடியில மிளகைச் சேத்துட்டேன். வத்தல் காரம் நாக்கு நுனியில சுரீர்னு நிக்கும், மிளகு தொண்டையில இறங்கும். ரெண்டும் வேணும்.

11 பிப்ரவரி

இது கொஞ்சம் சங்கடமான பதிவு. போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குக் குடுத்தேன், சுகர் எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டர் சொல்றாங்க. ஒரு மாசமா நான் என்ன தின்னேன்னு இந்த இழையைப் படிச்சா அவங்களுக்கே புரியும்.

இங்கே நிறையப் பேர் "சக்கரவள்ளி சுகருக்கு நல்லது"ன்னு எழுதுறாங்க. எப்படிச் செஞ்சதுங்கிறதைப் பொறுத்தது. அவிச்சது மெதுவா ஏறும். சுட்டதும் ரோஸ்ட் பண்ணினதும் நல்லா வேகமா ஏத்தும். மேல நான் அவ்வளவு ஆசையா விளக்கினேனே, மாவு சர்க்கரையா உடையுறது, அதேதான் காரணம். ருசிக்கு எது பண்றோமோ அதுவேதான் இதுக்கு எதிரி. எனக்கு இப்போ கணக்கு: அரைக் கிழங்கு, சோத்தைக் குறைச்சுக்கிட்டு, கூடத் தயிர். உங்க கணக்கை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, ஓடிஜிக்காரி பேச்சைக் கேட்காதீங்க.

18 பிப்ரவரி

சிதறிக் கிடக்கு, ஒரே இடத்துல எழுதுங்கன்னு கேட்டீங்க. எழுதுறேன், ஆனா அளவெல்லாம் என் கை அளவு.

அரைக் கிலோ கிழங்கு, நடுத்தர சைசுல 3 வரும். ரொம்பக் குண்டா இருந்தா உள்ள சூடு ஏற நேரமாகும், ஒல்லியா நீளமா இருக்கிறதாப் பாத்து எடுங்க. கழுவி, துடைச்சு, தோலோட முழுசா ஆறின ஓடிஜியில வச்சு 130. ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சுப் பிடிச்சுப் பாத்தா மெத்துன்னு அமுங்கணும், குழையக் கூடாது. வெளிய எடுத்து நல்லா ஆறவிடுங்க, சூட்டோட வெட்டினா உதிரும். முதல் நாள் ராத்திரியே இதைச் செஞ்சு வச்சுட்டா மறுநாள் வெட்டச் சுகமா இருக்கும், வட்டமும் உடையாம வரும்.

கட்டை விரல் தடிமனுக்கு வட்டம் போடுங்க. தோலை எடுக்காதீங்க, மொறுமொறுப்பே அதுலதான். ரெண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு. ட்ரேல பட்டர் பேப்பர் போட்டு ஒட்டாம அடுக்குங்க, இடுக்குல பத்துப் பதினஞ்சு சின்ன உள்ளியை (சின்ன வெங்காயம்) தோலோட சொருகிடுங்க. 220, மேல கீழ ரெண்டு கம்பியும் எரியணும். 12 நிமிஷத்துல ஒரு தடவை திருப்பிப் போடுங்க.

அந்த நேரத்துல பாகு. 40 கிராம் கருப்பட்டியைத் தட்டி அரை டம்ளர் தண்ணியில கரைச்சு வடிகட்டி, நெல்லிக்காய் அளவு புளியோட கெட்டிக் கரைசல், ரெண்டு சிட்டிகை உப்பு, 4 வத்தலைக் கிள்ளி விதையோட போட்டு, சிறுதீயில விடுங்க. முதல்ல நுரை சலசலன்னு சின்னச் சின்னதா வரும். அப்புறம் குமிழி பெருசாகி, சோம்பேறித்தனமா ஒண்ணொண்ணா வெடிக்கும். அப்போ இறக்கிடணும். கம்பிப் பதம் வேண்டாம், கரண்டியைத் திருப்பினா முதுகுல ஒட்டி நிக்கணும், அவ்வளவுதான்.

கிழங்கு ஓரம் சிவந்ததும் பாகைத் தூரிகையால தடவி இன்னும் 4 நிமிஷம். பக்கத்துலயே நில்லுங்க. போன் வந்தா எடுக்காதீங்க. வெளிய எடுத்ததும் வறுத்த எள்ளும் மிளகும் ஒண்ணும் பாதியுமா இடிச்சதைத் தூவுங்க. உள்ளியைத் தோலுரிச்சு மேல போடுங்க.

18 பிப்ரவரி, 10 நிமிஷம் கழிச்சு

கறிவேப்பிலை. மறந்துட்டேன். எண்ணெயில பொரிச்சு நொறுக்கிப் போடணும்.

20 பிப்ரவரி

திருத்தம் ரெண்டு. ஒண்ணு, என் ஓடிஜி முள்ளு 130 காட்டினா உள்ள நிஜத்துல 150 இருக்குதாம். பையன் தெர்மாமீட்டர் வாங்கி வச்சுப் பாத்துட்டுச் சொல்றான். அதனால உங்க அடுப்புல ஒண்ணேகால் மணி நேரத்துல ஆகலைன்னா அடுப்பைத் திட்டாதீங்க, இன்னும் 20 நிமிஷம் விடுங்க. ரெண்டு, ஏர் ஃப்ரையர்ல செஞ்சவங்க ரெண்டாவது கட்டத்துக்கு 200ல 8 நிமிஷம் போதும்னு சொல்றாங்க. என்கிட்ட அது இல்ல, அவங்க சொன்னதை நம்புறேன்.

அப்புறம் அந்த ஆரஞ்சுச் சதைக் கிழங்கு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல இருக்கிற கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பூ சோனான்னு ஆரஞ்சுல ஒண்ணு, பூ கிருஷ்ணான்னு ஊதாவுல ஒண்ணு விட்டிருக்காங்க. ஆரஞ்சு நிறத்துக்குக் கேரட்ல இருக்கிற அதே சத்துதான் காரணம், கண்ணுக்கு நல்லது. இந்த ஆரஞ்சு வகைக் கிழங்கை ஆப்பிரிக்காவுல பரப்பினவங்களுக்கு 2016ல உலக உணவுப் பரிசே குடுத்தாங்க. ஆனா ரோஸ்ட்னு வந்தா எனக்கு நம்ம சிவப்புத்தோல் வெள்ளைச்சதைதான். ஆரஞ்சுல ஈரம் ஜாஸ்தி, வட்டம் நிக்காம தொய்யுது. செஞ்சே ஆகணும்னா முதல் கட்டத்தை முக்கால் மணி நேரத்துல நிறுத்திடுங்க.

3 மார்ச்

தயிர்ச்சோறு. ரசம். இது ரெண்டுக்கும்தான் இது. சாம்பாருக்கு வச்சுப் பாத்தேன், மந்தமா இருக்கு. சொதிக்கு வைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சொதிக்கு இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும்தான். அதுல கை வச்சா எங்க வீட்ல என்னைச் சேர்க்க மாட்டாங்க.

8 மார்ச், சிவராத்திரி

விரதம். இன்னிக்கு அவிச்ச கிழங்குதான், கருப்பட்டி இல்ல, ஓடிஜி இல்ல.

கல்யாணமான புதுசுல ரெண்டு குளிர்காலம் டெல்லியில இருந்தோம். அங்கே தெருவுல கரியில சுட்ட கிழங்கை இலைத்தொன்னையில வெட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, மசாலாப் பொடி தூவி, கூடப் புளிப்பா நட்சத்திரப் பழம் ரெண்டு துண்டு குத்திக் குடுப்பான். கையுறையைக் கழட்டிட்டு அந்தச் சூட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பேன். புளிப்பு வேணும்னு ஜனவரியில நான் எழுதினப்போ அது என் சொந்த யோசனைன்னு நினைச்சேன். இப்போ பாத்தா 27 வருஷம் முன்னாடி ஒரு தள்ளுவண்டிக்காரன் சொல்லிக் குடுத்தது.

10 மார்ச்

கேள்வி கேட்டவங்க படம் போட்டிருக்காங்க. வந்துடுச்சு. ஓரம் கருக்கு, நடுவுல மினுமினுப்பு. ஆனா கருப்பட்டி கிடைக்காம தேனையே கடைசியில தடவினாங்களாம், புளிக்குப் பதிலா எலுமிச்சை. பட்டைத்தூளையும் விடல. வீட்ல எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாங்களாம். பட்டைத்தூளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.

17 மார்ச்

சந்தையில கிழங்கு வரத்து குறைஞ்சுடுச்சு, வர்றதும் நார் நாரா இருக்கு. கூடையில கடைசியா இருந்த ரெண்டும் முளைவிட்டுடுச்சு. பெயின்ட் வாளியில மண்ணு போட்டு நட்டேன். அப்படியே விட்டா கொடிதான் ஓடும், முளைச்ச கொடியை ஒரு சாண் நீளம் வெட்டித் தனியா நட்டாத்தான் கிழங்கு நல்லா பிடிக்கும்னு தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் சொல்லியிருக்கார். அப்போ நாலு மாசம். கொழுந்தைக் கிள்ளிப் பொரியல் பண்ணலாம், பாசிப்பருப்பு போட்டு. இன்னிக்குப் பண்ணினேன். தொடுகறின்னு சந்தேகமில்லாம ஒத்துக்கிட்டாங்க, ஆனா தொட்டுக்கல.